அந்தத் தகரப் படகு விற்பனைக்கு இல்லை

நான்கு நாட்களாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது. கடலூர் லாரன்ஸ் சாலை பொம்மைக் கடைக் காணொளியை நம் ஊரில் பார்க்காதவர் யாரும் இல்லை. ஆகவே அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. மொத்தமே நாற்பத்தேழு நொடி. ஒரு தகரப் படகை விலைக்குக் கேட்டு வந்த ஒருவர், "மூடப் போகிற கடைக்கு இவ்வளவு திமிரா?" என்கிறார். கடைக்காரப் பெரியவர் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றபடி, "அது விற்பனைக்கு இல்லை, சார்" என்கிறார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். இதற்காகத்தான் ஊரே கூடி அந்தப் பெரியவருக்கு வியாபாரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அவர் செய்தது திமிர் இல்லை. தயவுசெய்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

அந்த நாற்பத்தேழு நொடிக்கு முந்தைய பத்து நிமிடமும் நான் அந்தக் கடையில்தான் இருந்தேன். படகைக் கேட்ட அந்த மனிதர் ஏழு வயது மதிக்கத்தக்க மகனோடு உள்ளே வந்தார். பையன் எதை நோக்கிக் கையை நீட்டினாலும், "தொடாதே, எல்லாம் தூசி" என்றார். மூன்று முறை சொன்னார், எண்ணிக்கொண்டுதான் நின்றேன். தீயணைப்பு வண்டி ஒன்றை எடுத்து விலை கேட்டார். பிறகு தன் கைபேசியைத் தட்டி, திரையைப் பெரியவரின் முகத்துக்கு நேரே நீட்டி, "இதில் பாதி விலைதான்" என்றார். "அப்படியென்றால் அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், சார்" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபம் இல்லை. அப்போதுதான் பையன் அலமாரிக்குள் இருந்த தகரப் படகைப் பார்த்து, "இது எப்படிப் போகும்?" என்று கேட்டான். பெரியவர் குனிந்தார். "இதற்கு உள்ளே ஒரு சின்ன விளக்கு" என்று ஆரம்பித்தார். அப்பா குறுக்கே வந்தார்: "விளக்கம் எல்லாம் வேண்டாம். ஐம்பது ரூபாய் தருகிறேன், எடுத்துக் கொடுங்கள்." பெரியவர் நிமிர்ந்தார். கையை விரித்தார். அந்தக் கணத்தில்தான் யாரோ கைபேசியைத் தூக்கியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல விடாமல், பொருளை மட்டும் எடுத்துக் கொடு என்றால் அவர் கொடுக்க மாட்டார். எனக்குத் தெரிந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் அப்படித்தான் இருக்கிறார். அந்தக் கடையில் விற்பது பாதி வேலைதான். காட்டுவது மீதி வேலை.

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவிழாக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். டப் டப் படகு என்போம். உள்ளே மெல்லிய தகட்டால் ஆன சின்னக் கொதிகலன். அதிலிருந்து பின்பக்கமாகத் தண்ணீருக்குள் நீளும் இரண்டு குழாய்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி, கொதிகலனுக்குக் கீழே எண்ணெய்த் திரியை ஏற்றி வைத்தால், தண்ணீர் ஆவியாகிக் குழாயிலுள்ள தண்ணீரைப் பின்னால் தள்ளும். படகு முன்னே நகரும். ஆவி உடனே குளிர்ந்து சுருங்கும். வெளித் தண்ணீர் மறுபடி உள்ளே ஏறும். மறுபடி ஆவி, மறுபடி தள்ளல். மேல் தகடு உப்பி அடங்கும்போது அந்த டப் டப் சத்தம். அவ்வளவுதான் பொறி. பல்சக்கரம் இல்லை, பேட்டரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கடை வாசலில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அவர் அதை ஓட்டிக் காட்டுவார். நாங்கள் அவரை மாமா என்போம். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது கேட்டேன்: "தண்ணீரை வெளியே தள்ளும்போது படகு முன்னால் போகிறது, சரி. உள்ளே இழுக்கும்போது பின்னால் வர வேண்டாமா, மாமா?" அவர் சிரிக்கவில்லை. கல்லாவிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்துக் கொளுத்தி என் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "ஊது, பாப்பா." ஊதினேன், அணைந்தது. மறுபடி கொளுத்தினார். "இப்போது மூச்சை உள்ளே இழுத்து அணை." எவ்வளவு இழுத்தும் சுடர் அசையக்கூட இல்லை. "வெளியே போவது ஒரே பக்கமாகப் பாயும். உள்ளே வருவது நாலா பக்கத்திலிருந்தும் வரும்" என்றார். இன்று நான் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் அந்த மெழுகுவத்தியைக் கொளுத்துகிறேன். அன்று நான் அந்தக் கடையில் எதையும் வாங்கவில்லை. என்னிடம் காசு இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

இதைச் சொன்னால், "எல்லாருக்கும் சின்ன வயது நினைவு இனிக்கத்தான் செய்யும், அதற்காகக் கடை ஓடுமா?" என்று கேட்பீர்கள். ஏற்கெனவே நேரில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஓடாதுதான். ஏன் ஓடவில்லை என்றும் கொஞ்சம் யோசியுங்கள். அப்போது லாரன்ஸ் சாலையில் சுரங்கப்பாதை கிடையாது, ரயில்வே கேட்தான். மீட்டர்கேஜ் காலம். கேட் மூடிவிட்டால் சைக்கிள், மாட்டு வண்டி, பஸ் எல்லாம் வரிசையாக நிற்கும். கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் கடை. ரயில் போகும் வரை அத்தனை பிள்ளைகளும் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்போம். சாவி கொடுத்தால் ஜால்ரா தட்டும் குரங்கு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, தீபாவளி நெருங்கினால் பொட்டு வெடித் துப்பாக்கி, நவராத்திரி நெருங்கினால் பண்ருட்டியிலிருந்து வைக்கோல் சுற்றி வந்து இறங்கும் கொலுப் பொம்மைகள். ரயில் தாமதமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பிள்ளைகள் நாங்கள். இன்று யாரும் அங்கே நிற்பதில்லை. வண்டிகள் கீழே இறங்கி மேலே ஏறிப் போய்விடுகின்றன. சுரங்கப்பாதை வேண்டாம் என்றா சொல்கிறேன்? ஆம்புலன்ஸ் கேட்டில் காத்து நின்ற நாட்களைப் பார்த்தவள் நான். அது வரத்தான் வேண்டும். ஆனால் ஒரு கடையின் வாசலில் நிற்பதற்கு இருந்த காரணம் போய்விட்டது. அது அந்த மனிதரின் குற்றம் அல்ல.

இணையத்தில் பாதி விலை என்கிறீர்கள். உண்மை. நானும் வாங்கியிருக்கிறேன். என் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு, திருகாணியும் தகடும் கொண்டு பாலம் கட்டும் பெட்டி ஒன்றை முந்நூறு ரூபாய் மலிவு என்று இணையத்தில்தான் வாங்கினேன். அதே பெட்டி மாமா கடையில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. என்னால் இன்றும் அதை மறக்க முடியவில்லை. ஆகவே இணையத்தில் வாங்குகிறவர்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லை, திட்டவும் இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் கடைக்குள்ளேயே நின்று, அவர் முகத்துக்கு நேரே அந்தத் திரையை நீட்டாதீர்கள். இது ஒரு பெரிய கோரிக்கையா?

அடுத்தது பாதுகாப்பு. "அந்தக் காலத் தகரப் பொம்மையில் ஈயச் சாயம் இருக்கும், கூர்முனை இருக்கும், அதைப் போய்ப் புகழ்கிறீர்களே, நீங்கள் அறிவியல் ஆசிரியைதானே" என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்பது இந்த நாட்டின் விதி. நல்ல விதி. பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருள் அது. அந்த விதி வந்தபோது மாமா தன் கீழ்த்தட்டு முழுவதையும் காலி செய்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இறக்குமதி வரியை இருபதிலிருந்து அறுபது சதவீதமாக உயர்த்தியிருந்தார்கள்; 2023-இல் எழுபது. மலிவான வெளிநாட்டுச் சரக்கை வைத்துப் பிழைத்த கடைகளுக்கு அது பெரிய அடி. அவர் அதைப் பற்றியும் புலம்பவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் படகில் முத்திரை இல்லை. உள்ளே எரியும் திரி வேறு. அதை ஏழு வயதுப் பிள்ளையின் கையில் அவர் விற்கவில்லைதானே? விற்றிருந்தால் பாதுகாப்பு இல்லை என்பீர்கள். விற்காவிட்டால் திமிர் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போதைய பிள்ளைகளுக்குக் கைபேசி போதும் என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என் வகுப்புக்கு வந்து பாருங்கள்.

என்னை உண்மையிலேயே வலிக்க வைத்தது வேறு. "பொம்மைக் கடை நினைவெல்லாம் வசதி படைத்தவர்களின் ஏக்கம், ஏழைப் பிள்ளைக்கு ஏது பொம்மை" என்று எழுதியிருக்கிறார்கள். யாரிடம் சொல்கிறீர்கள்? என் அப்பா மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோத்தவர். நாங்கள் இருந்தது முதுநகரில், ஓர் ஓட்டு வீட்டில். மாதத்தின் முதல் ஞாயிறு மளிகை வாங்கத் திருப்பாப்புலியூர் வருவோம். திரும்பும் வழியில் கடை வாசலில் கால் மணி நேரம். அதுதான் எங்களுக்குப் பொம்மை. 1989-இல் ஒரு நாள் என் தம்பி உள்ளே போய், காட்சிக்கு வைத்திருந்த தகர ரயிலை எடுத்துச் சாவியை முறுக்கினான். முறுக்கிக்கொண்டே போனான். உள்ளே டணக் என்று சுருள்வில் அறுந்தது. அப்பாவின் முகத்தை என்னால் எழுத முடியாது. ரயிலின் விலை நாற்பது ரூபாய்.

மாமா, "பரவாயில்லை, குழந்தைதானே" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்பா அதற்குப் பிறகு எங்களை அந்தப் பக்கமே கூட்டி வந்திருக்க மாட்டார். அவர் அப்படிச் சொல்லவில்லை. நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். "மாதம் பத்து ரூபாய், நாலு மாதம். சரிதானே, அண்ணே?" என்றார். அப்பா தலை நிமிர்ந்து, "சரி" என்றார். நாலு மாதமும் தவறாமல் கொடுத்தார். நாலாவது மாதம் மாமா ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே அந்த ரயில், புது வில் போட்டு. அப்பா வாங்கத் தயங்கினார். "நீங்கள் கொடுத்தது உடைத்ததற்கான காசு இல்லை, அண்ணே. வாங்கியதற்கான காசு. பொருள் உங்களுடையது" என்றார்.

இந்த மனிதரைத்தான் காசு பார்க்கத் தெரியாதவர் என்கிறீர்கள். அவருக்கு நன்றாகத் தெரியும். யாரிடம் காசை வாங்க வேண்டும், ஏன் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கு இன்றும் தெரியாது.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை காலை அந்தக் காணொளி எனக்கு மறுபடி வந்தது. அனுப்பியது என் தம்பி. சிங்கப்பூரிலிருந்து. மூன்று சிரிக்கும் முகங்கள் போட்டு, "நம் ஊர்ப் பெரியவரைப் பார், அக்கா" என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்து நடைபாதையில் நின்று அதைப் படித்தேன். மணி அடித்தும் உடனே வகுப்புக்குள் போக முடியவில்லை.

இரவு பேசினேன். "எந்தக் கடை என்று தெரிகிறதா?" என்று கேட்டேன். "ஏதோ லாரன்ஸ் சாலை என்றார்கள்." "கேட் பக்கத்தில்" என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரயில் கடையா?" என்றான். "ஆமாம்." "அந்த மாமாவா இது? இவ்வளவு வயதாகிவிட்டதா அக்கா அவருக்கு?" அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. பிறகு அந்த ரயில் இருக்கிறதா என்று கேட்டான். 2011 டிசம்பர் 30, ‘தானே’ புயல் அன்று ஓடுகள் பறந்து பரண் முழுக்க நனைந்தது. துரு ஏறிப் பெட்டியோடு எடைக்குப் போய்விட்டது என்று சொன்னேன். அம்மா அதை அப்போதே அவனிடம் சொன்னாள். அவனுக்கு நினைவில்லை. அதே புயலில் மாமாவின் கடைக் கூரையும் போயிற்று. மறுநாள் அவர் நனைந்த அட்டைப்பெட்டிகளை வெயிலில் சாலையோரம் பரப்பிவிட்டு, ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தத் தூசியைத்தான் தொடாதே என்றார் அந்த அப்பா.

செவ்வாய்க்கிழமை மாலை கடைக்குப் போனேன். காணொளியைப் பற்றி மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பையன் அழுதானா, பாப்பா? வெளியே போனதும் அழுதிருப்பான், இல்லையா?" எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையோடு கடை முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை அங்கே கூட்டிப் போகிறேன். தாம்பாளம் என் வீட்டிலிருந்து வருகிறது. எண்ணெயும் திரியும் அவரிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வரலாம். எதையும் வாங்க வேண்டாம். படகின் விலையை மட்டும் கேட்காதீர்கள்.

அந்தச் சிறுவனின் அப்பா இதைப் படிக்க நேர்ந்தால், அவனை அனுப்பி வையுங்கள். அவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.