பெயரை எடுத்துவிட்டால் போதுமா?
தொற்றுநோயாளிகளின் பெயரை நீக்கித்தானே பட்டியல் வெளியாகிறது, அப்புறம் என்ன பயம் என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். வயது 43, இன்ன தெரு, இன்ன தேதியில் பயணம் என்று போட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். பெயர் எதற்கு?

கொரோனா தொற்று உள்ளவர் அருகில் இருந்தோமா என்று அறிய ஆப்பிளும் கூகுளும் 2020இல் கொண்டுவந்த முறையில் போன்கள் புளூடூத் வழியாக அடிக்கடி மாறும் ஏதோ ஒரு எண்ணைத்தான் பரிமாறிக்கொண்டன. தொற்று உறுதியானவர்களின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நம் போனிலேயே நடந்தது. சிங்கப்பூரில் கதை வேறு. தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டும்தான் என்று சொல்லி வாங்கிய டிரேஸ்டுகெதர் என்ற அரசுச் செயலியின் தகவலைக் காவல்துறையும் பெறலாம் என்று 2021 ஜனவரியில் அரசே ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள், சரி. முதலில் கேட்டபோது இதைச் சொல்லவில்லையே! இனி சுகாதாரப் பணியாளர் வந்து 'யாரையெல்லாம் சந்தித்தீர்கள்' என்று கேட்டால் பலர் பாதிப் பெயர்களை விழுங்கிவிடுவார்கள்.