பதஞ்சலி சொன்ன ஆசனம்

ஒரு நண்பர், பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 84 ஆசனங்கள் பெயரோடும் செய்முறையோடும் விளக்கப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அந்த நூலில் அப்படி இல்லை.

யோக சூத்திரத்தில் நான்கு பாதங்கள், அதாவது அத்தியாயங்கள். பதிப்பைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள். யோகத்தின் எட்டு அங்கங்களை வரிசையாகச் சொல்லும்போது ஆசனமும் வருகிறது. அப்புறம் இரண்டாம் பாதத்தில் 46 முதல் 48 வரை மூன்றே சூத்திரங்கள்தான் அதை விளக்குகின்றன. முதலாவது ‘ஸ்திர சுகம் ஆசனம்’, அதாவது அசையாமலும் சுகமாகவும் இருக்கும் இருக்கை. அடுத்த இரண்டும் முயற்சியைத் தளர்த்துவது பற்றியும், குளிர் வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்காத நிலை பற்றியும் பேசுகின்றன. பத்மாசனம் என்ற பெயர்கூட சூத்திரத்தில் கிடையாது. அது பிற்பாடு வந்த வியாச உரையில்தான் வருகிறது.

84 என்ற எண், உடல் பயிற்சிகளுக்கு முக்கியத்துவம் தரும் ஹட யோக மரபில் வருவது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை, சிவன் 84 ஆசனங்களைச் சொன்னதாகக் குறிப்பிடுகிறது. குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம். (ஆசனப் பெயர்களைத் தமிழிலேயே பார்க்க ஆசையென்றால் திருமந்திரம் மூன்றாம் தந்திரம் இருக்கிறது, அருமையான பகுதி.)

சரிபார்ப்பது எளிது. மூலத்தோடு அச்சான எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பையும் எடுத்து, இரண்டாம் பாதத்தில் அந்த மூன்று எண்களைப் பாருங்கள். மூலம் எது, உரை எது என்று பிரித்துப் படிப்பது மட்டும் முக்கியம்.