ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் படம் தெளிவாகுமா?

"இணையதளத்தில் படம் மங்கலாக இருக்கிறதா? ஜேபெக்கை பிஎன்ஜியாக மாற்றுங்கள், தெளிவு திரும்பிவிடும்" என்றொரு யோசனை இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறு.

ஜேபெக் (JPEG), பிஎன்ஜி (PNG) இரண்டும் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகைகள். ஜேபெக், படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத நுணுக்கங்களைக் கழித்துத்தான் கோப்பைச் சுருக்குகிறது. போனது போனதுதான். பிஎன்ஜி, கொடுத்ததை ஒரு புள்ளி விடாமல் அப்படியே வைத்திருக்கும். அதாவது, எழுத்து ஓரங்களில் ஜேபெக் விட்டுப்போன அழுக்குத் தடங்களையும் சேர்த்து. கோப்பு மட்டும் பெரும்பாலும் சில மடங்கு பெருத்துவிடும். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் பலர் தரம் கூடியதாக நம்புகிறார்கள் போல.

பிஎன்ஜி மோசம் என்பதல்ல. ஸ்கிரீன்ஷாட், பின்னணி இல்லாத படம் இதற்கெல்லாம் அதுதான் சரி. ஆனால் முதலிலேயே அப்படிச் சேமித்திருக்க வேண்டும். வெக்டராக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகள், வடிவங்களின் கணக்காக வரைந்த லோகோ என்றால் எஸ்விஜி (SVG) கோப்பு இன்னும் மேல், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறடிக்காது. புகைப்படத்துக்கு ஜேபெக்கே போதும், இல்லையென்றால் 2010-இல் கூகுள் அறிவித்த வெப்பி (WebP) என்ற கோப்பு வகை.

கையில் இருப்பது மங்கிய ஜேபெக் மட்டும்தானா? மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, வடிவமைத்தவரிடம் மூலக்கோப்பைக் கேளுங்கள்.