ஊரோடு ஒத்து வாழ்ந்தவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்?

போன மாதம் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு எப்படியோ ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சொன்னான்: "வந்தவங்க அந்த ஊரோட கலந்துடணும் மாமா. அவங்க மொழியப் படிக்கணும், அவங்க பழக்கத்துக்கு வரணும். தனியா ஒதுங்கியே இருந்தா எந்த ஊர்க்காரனுக்குத்தான் பிடிக்கும்?" சுற்றி இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம், அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் படவில்லை. எனக்கும் அங்கே உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் மனசு அடித்துக்கொண்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. தம்பி, நீயும் படி.

நான் திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 29 வருடம் பாடம் நடத்தியவன். பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இலங்கைத் தமிழர் முகாம். ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு முகாம் பிள்ளைகள் இருப்பார்கள். ஜூன் மாதம் வரும்போது "ஓம் சார்" என்பார்கள். தீபாவளிக்குள் அது "ஆமா சார்" ஆகிவிடும். வீட்டில் கதைப்பார்கள், பள்ளியில் பேசுவார்கள். அம்மா கட்டிக் கொடுத்த புட்டும் சம்பலும் மதியம் பக்கத்துப் பெஞ்சின் தயிர் சாதத்தோடு இடம் மாறும். கபடி அணியில் இருப்பார்கள், ஆண்டு விழாவில் ஆடுவார்கள், பொங்கலுக்கு நம் தெருவில் கோலம் போட வருவார்கள். பத்தாம் வகுப்பு வருவதற்குள் யார் முகாம், யார் ஊர் என்று எனக்கே தெரியாது. முகாமில் ஆள் எண்ணும் நாளில் மட்டும் தெரியும். 'பதிவு' இருக்கிற நாளில் அந்தப் பிள்ளைகள் தாமதமாக வருவார்கள்.

கலக்கணும் என்றால் இதற்கு மேல் எப்படிக் கலப்பது?

மாற்றுச் சான்றிதழ் எழுதும்போது நாட்டினம் என்று ஓர் இடம் வரும். மற்றப் பிள்ளைகளுக்கு யோசிக்காமல் இந்தியர் என்று எழுதிவிட்டுப் போகிற கை, அங்கே நிற்கும். என்னிடம் படித்த ஓர் அண்ணன் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். அண்ணன் 1986 மார்ச்சில் மண்டபம் முகாமில் பிறந்தவன். தங்கை 1988இல் திருச்சியில், அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். இருவருமே இலங்கையைப் பார்த்ததில்லை. அவன் இப்போது பெயின்ட் வேலை செய்கிறான். முகாம் ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில், நம் ஊரில் நல்ல பெயின்டர் வேண்டுமென்றால் முகாமில் போய்க் கேள் என்பார்கள். அவள் பி.காம். முடித்து ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கம்பெனி அவளைத் துபாய் கிளைக்கு அனுப்பத் தயாராக இருந்தது. பாஸ்போர்ட் கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இவர்களுடைய அப்பாவின் கதை இன்னும் வலிக்கிற கதை. அவர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கவும் மலை வெட்டவும் போனவர். 1948இல் இலங்கை சுதந்திரம் வாங்கிய அதே வருடம் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். நீ இங்கே பிறந்தால் போதாது, உன் அப்பனும் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு, இல்லையென்றால் தாத்தனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குக் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்கள்? ஏறக்குறைய ஏழு லட்சம் தோட்டத் தொழிலாளர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாகிப் போனார்கள். அப்புறம் 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படி வந்தவர்கள்தான் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த தாயகம் திரும்பியோர். அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. இந்த ஐயா அப்போது வரவில்லை. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார். அங்கே காடு வெட்டிக் குடிசை போட்டு நிமிர்வதற்குள் 1983 ஜூலைக் கலவரம். 1985இல் மன்னாரிலிருந்து இரவில் படகு ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். தாத்தாவின் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிற முகாமுக்குத்தான் கடைசியில் அனுப்பி வைத்தார்கள். தாத்தாவின் மாவட்டத்துக்கே திரும்பி வந்தும் அகதி. இலங்கையில் "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்". இறந்து ஆறு வருடமாகிறது. கடைசி வரைக்கும் பதிவு நாளில் வரிசையில் நின்றார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து அது இன்னும் இறுகிவிட்டது. ஆக, ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் அண்ணன் சட்டப்படி இந்தியன், தங்கை அந்நியர். வேறு வழியில் விண்ணப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். 2003 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி, அவர் பதிவு செய்தோ நீண்ட காலம் வசித்தோ குடியுரிமை வாங்க முடியாது. குண்டுக்கு நடுவே இரவில் படகு ஏறியவர் எந்த அலுவலகத்தில் போய் விசா வாங்கியிருப்பார்? 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில மதத்தாருக்கு அந்தக் கதவைத் திறந்தார்கள். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

அண்ணனுக்குக்கூட அது தானாகக் கிடைத்துவிடவில்லை. 1987க்கு முன் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்ட பிறகுதான், இப்படி ஒரு உரிமை தங்களுக்கு இருக்கிறது என்றே முகாமில் பலருக்குத் தெரிந்தது. அந்த ஒருவர் 2024 தேர்தலில் வாக்குப் போட்டதை முகாம் முழுக்கக் கொண்டாடியதாகக் கேள்விப்பட்டேன்.

இன்றைக்கும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்கிறவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் புது வீடுகள் அறிவித்தார்கள், மாதப் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள், அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். தார்ப்பாய் போட்ட பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்த குடும்பங்களைப் பார்த்தவன் நான். அதனால் அந்த வீடுகளின் மதிப்பு எனக்குத் தெரியும். 2025 செப்டம்பரில் மத்திய அரசும், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று விலக்கு அளித்தது. சரி, நல்லதுதான். பயம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதும் நீ எங்கள் ஆள் என்பதும் ஒன்றாகுமா?

பாதுகாப்புப் பிரச்சினை என்பார்கள். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு முகாம் மக்களைத் தமிழ்நாடு பார்த்த பார்வையே மாறிப்போனது. வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்தினார்கள், என் பள்ளியிலேயே பிள்ளைகளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஆனால் அன்று சின்னக் குழந்தையாக இருந்த ஒரு பெண், அந்தக் குற்றத்துக்காக இன்னும் எத்தனை வருடம் வெளியூரில் தங்க அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்தின் அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது. முகநூலில் பலர் அதைக் கைதட்டிப் பகிர்ந்தார்கள். எனக்கும் எல்லை வேண்டாம் என்ற கருத்து கிடையாது. யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஒரு நாடு முடிவு செய்யத்தான் வேண்டும். நான் கேட்பது, வந்து நாற்பது வருடம் ஆனவர்களைப் பற்றி. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொரு தலையும் எண்ணிப் பதியப்பட்டிருக்கிறது. சத்திரத்துக்கு வந்தவன் நாளைக்குக் காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவளை எந்த ஊருக்குப் போகச் சொல்கிறோம்?

இப்போது உனக்குச் சொல்கிறேன் தம்பி. நீ இருக்கிற ஜெர்மனிக்கு 1961 ஒப்பந்தத்தின்படி துருக்கியிலிருந்து தொழிலாளர்கள் போனார்கள். விருந்தாளித் தொழிலாளர் என்றுதான் பெயர் வைத்தார்கள், வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்று நினைத்தார்கள். போகவில்லை. அங்கேயே பிறந்து, ஜெர்மன் மட்டுமே சரளமாகப் பேசிய பிள்ளைகளும் பல வருடம் அந்நியர்களாகத்தான் இருந்தார்கள். கலக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஊர் அவர்களைக் குறை சொன்னது. 2000ஆம் ஆண்டில்தான், பெற்றோரில் ஒருவர் எட்டு வருடம் சட்டப்படி வசித்திருந்தால் அங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை என்று சட்டம் மாறியது. 2024இலிருந்து அந்த எட்டும் ஐந்தாகிவிட்டது. ஐந்து வருடம் இருந்தால் நீயே ஜெர்மானியன் ஆக விண்ணப்பிக்கலாம், இந்தப் பெண்ணுக்கு 37 வருடம் போதவில்லை. அதுவும் அவள் மொழி கற்க வேண்டியதில்லை, சாமி மாற வேண்டியதில்லை, சாப்பாடு மாற வேண்டியதில்லை.

கனடாவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அந்த நாடும் ஒன்றும் சும்மா இப்படி ஆகிவிடவில்லை. 1914இல் 376 இந்தியப் பயணிகளோடு வான்கூவர் போன கொமகாட்டா மாரு கப்பலில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிய நாடுதான் அது. 2010இல் 492 தமிழர்களோடு போன கப்பலில் இருந்தவர்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். ஆனால் 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தவித்துக்கொண்டிருந்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் கரை சேர்த்தார்கள், அரசாங்கம் தங்கவும் வேலை செய்யவும் உடனே அனுமதிச் சீட்டுக் கொடுத்தது. 1983இல் சிறுவனாகப் போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர் கேரி ஆனந்தசங்கரி 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். எல்லைக் காவல் முகமை அவருடைய துறைக்குள் வருகிறது. அடைக்கலம் தேடி வந்த பையன் அந்த நாட்டு எல்லைக்கே பொறுப்பாளர். முதலில் காகிதம் கொடுத்தார்கள், கலப்பு பின்னால் வந்தது. நாம் எல்லாக் கலப்பையும் வாங்கிக்கொண்டு காகிதத்தை மட்டும் கையில் வைத்திருக்கிறோம்.

முகாமிலேயே இதற்கு வேறு கருத்துகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மன்னாரிலோ முல்லைத்தீவிலோ காணி வைத்திருக்கிறவர்கள் சிலர், இங்கே குடியுரிமை வாங்கினால் அங்கே உரிமை போய்விடுமோ என்று தயங்குகிறார்கள். போக விரும்புகிறவர்களை மரியாதையோடு அனுப்பி வைக்க வேண்டியதுதான். பெரியவர்கள் சிலருக்கு அந்த மண்ணில் கண் மூட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளில் திரும்பிப் போகிறேன் என்று என்னிடம் சொன்னவர் யாருமில்லை. இங்கே குடியுரிமை கொடுத்தால் ஈழப் பிரச்சினை நீர்த்துப் போகும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபமே உண்டு. உங்கள் அரசியலுக்காக இந்தப் பிள்ளைகள் ஏன் பதிவு வரிசையில் நிற்க வேண்டும்?

இதை எழுதும்போது நம் ஊர் ஓட்டலில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களும் நினைவுக்கு வருகிறார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே தாக்குவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது பயந்து மூட்டை கட்டினார்களே, அவர்கள். அவர்களிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது, நம்மோடு பேச மொழி இல்லை. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களை வழக்குப் போட வைக்காமல் மாவட்ட நிர்வாகமே தேடிப் போய்ச் சான்று கொடுக்க வேண்டும். அதற்குப் பின் இங்கே பிறந்தவர்களுக்குச் சட்டத்தில் வழி செய்ய வேண்டும். சட்டவிரோதக் குடியேறி என்ற சொல்லை இந்தப் பிள்ளைகளின் மேலிருந்து எடுக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. வீட்டு வாசலில் கேளுங்கள். நானும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை அந்த அண்ணனை அழைத்துக்கொண்டு ராமநாதபுரம் போகிறேன். 1986இல் மண்டபத்தில் பதிந்த பிறப்புப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். தங்கை லீவு போட்டுவிட்டாள், அவளும் வருகிறாள். அந்தப் பதிவேட்டில் அவளுக்கு ஒன்றும் இல்லை. "அண்ணனுக்குக் கிடைக்கிறதைப் பார்க்கணும் சார்" என்றாள்.