நினைவகத்தைப் பற்றி ஃபர்ம்வேர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கணினியை இயக்கியதும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்கு முதலில் தெரியவேண்டியது, எவ்வளவு நினைவகம் இருக்கிறது, அதில் எந்த முகவரிகளைத் தொடலாம், எவற்றைத் தொடக்கூடாது என்பதுதான். இதை அது தானாகத் துழாவிக் கண்டுபிடிப்பதில்லை. வன்பொருளோடு பதிந்தே வரும் மென்பொருளான ஃபர்ம்வேரோ, இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடரோ கையில் கொடுக்கும் ஒரு விவரப் பட்டியலைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பொதுவான வடிவம் வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மறுப்பில்லை. வடிவத்தைப் பொதுவாக்கியதும் தரநிலையின் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆர்ம் வகைச் செயலி கொண்ட ஒரு மின்சுற்றுப் பலகையோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும். நினைவகம் முக்கால்வாசி நிரம்பியபின், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிரல்கள் வரிசையாகச் செத்து விழும். நினைவகச் சில்லு பழுது என்று பலகையையே மாற்றிப் பார்த்தோம். கடைசியில் தெரிந்தது இதுதான்: பலகையில் இருந்த துணைச் செயலி ஒன்று 16 எம்பி நினைவகத்தைத் தனக்கென எடுத்துக்கொண்டிருந்தது, பலகையின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் அந்தப் பகுதியை ஒதுக்கப்பட்டதாக எழுத யாரோ மறந்திருந்தார்கள். கோப்பு இலக்கண சுத்தமானது, ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் தொகுக்கப்பட்டது. நான்கைந்து வரி சேர்த்ததும் தொல்லை நின்றது.

பிசி உலகமும் இதற்கு விலக்கல்ல. பிசிக்களின் பழைய ஃபர்ம்வேரான பயாஸின் அழைப்பு ஒன்று நினைவக அளவைக் கிலோபைட் கணக்கில், 16 பிட் எண்ணில் சொன்னதால் அதனால் ஏறத்தாழ 64 எம்பிக்கு மேல் எண்ண முடியவில்லை. பின்னர் பயாஸ் தரத் தொடங்கிய இ820 என்ற நினைவக அட்டவணை, ஒவ்வொரு பகுதிக்கும் 64 பிட் தொடக்க முகவரி, 64 பிட் நீளம், வகை எண் என்று தெளிவாகவே வகுக்கப்பட்டது. ஆனாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பதிவுகளைச் சீர்செய்த பிறகுதான் லினக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. அதைவிட வேடிக்கை, பயன்படுத்தலாம் என்று தானே அறிவித்த கீழ்ப்பகுதி நினைவகத்தில் சில பயாஸ்கள் பிறகு தாமே எழுதிக் கெடுத்தன. 2021இல் வந்த லினக்ஸ் 5.13 கர்னல் முதல், எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) கணினிகளில் முதல் 1 எம்பியைக் கேள்வி கேட்காமல் முழுவதுமாக ஒதுக்கிவிடுகிறார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது ஸ்லிட் அட்டவணை. பல சாக்கெட் (செயலி பொருத்தும் இடம்) கொண்ட சர்வர்களில், செயலியும் அதன் அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த தொகுதியை முனை என்பார்கள். ஒரு முனையிலிருந்து மற்றொரு முனையின் நினைவகம் எவ்வளவு தொலைவு என்று சொல்லும் அட்டவணை இது; ஃபர்ம்வேர் வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிப்பதற்கான ஏசிபிஐ தரநிலையில் வருவது. சொந்த நினைவகம் என்றால் 10, மற்றவை அதை வைத்து ஒப்பீடு, அலகு கிடையாது. லினக்ஸில் 30 என்ற ஒரு வரம்பு இருந்தது. அதற்கு மேற்பட்ட தொலைவிலுள்ள முனையிடம் போகும் முன், உள்ளூர் நினைவகத்தையே காலிசெய்து பார்க்கலாமா என்று முடிவெடுக்க வைத்த எண் அது. காலப்போக்கில், பணிகளைச் சாக்கெட்டுகளுக்கிடையே பகிரும் பகுதியும் அதே எண்ணைப் பார்க்கத் தொடங்கியது. ஏஎம்டியின் எபிக் செயலிகள் கொண்ட இரண்டு சாக்கெட் சர்வர்கள் அடுத்த சாக்கெட்டுக்கு 32 என்று அறிவித்தன. விளைவு, சுமை சாக்கெட்டுகளுக்கிடையே சரியாகப் பரவவில்லை. 2019இல் அந்தச் செயலிகளுக்கு மட்டும் வரம்பை 32 ஆக்கிச் சமாளித்தார்கள். இதில் ஃபர்ம்வேர் பொய் சொல்லவில்லை, கர்னலிலும் பிழை என்று சொல்லிவிட முடியாது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இருவருக்கும் பொதுவாக யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். 2017இல் ஏசிபிஐ 6.2 கொண்டுவந்த எச்மாட் அட்டவணை, தாமதத்தையும், ஒரு விநாடியில் கடத்தக்கூடிய தரவின் அளவையும் தனித்தனியே பிரித்துச் சொல்கிறது. இப்போதைய வடிவத்தில் தாமதம் பிக்கோ விநாடியில் வருகிறது. இதை முழுமனதாக வரவேற்கிறேன்.

டிவைஸ் ட்ரீயின் சிக்கல் வேறு வகை. 1994ஆம் ஆண்டின் ஐஇஇஇ 1275 தரநிலையிலிருந்து வளர்ந்த அது, வன்பொருளை மட்டுமே விவரிக்கவேண்டும், இயங்குதளத்தின் கொள்கையைச் சொல்லக்கூடாது என்பது அதன் ஆதரவாளர்கள் ஓயாமல் சொல்லும் விதி. ஆனால் ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதியிலேயே லினக்ஸின் பெயரைத் தாங்கிய பண்புகள் இருக்கின்றன. தொடர்ச்சியான நினைவகத்துக்கு எந்தப் பகுதியை லினக்ஸ் இயல்பாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதை அவை சொல்கின்றன. அதே கோப்பைப் படிக்கும் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்துக்கு இதில் என்ன வேலை? (நானும் அந்தப் பண்பைப் பயன்படுத்தியவன்தான், வசதியானது என்பதை மறுக்கவில்லை.)

இவ்வளவு சிக்கல் எதற்கு, கர்னலே எல்லாவற்றையும் அளந்துகொள்ளட்டுமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தாமதத்தை அளக்கலாம். ஆனால் துணைச் செயலிக்குச் சொந்தமான அந்த 16 எம்பியை எப்படி அளப்பது? தொட்டுப் பார்த்தால் அதுவும் சாதாரண நினைவகமாகவே எழுதும், படிக்கும். ஆகவே தரநிலை வகுப்பவர்கள் இந்த இரண்டு வகைத் தகவலையும் தனித்தனியே நடத்தவேண்டும் என்பதே என் வாதம். அளந்து அறியமுடியாதவற்றுக்கு விவரப் பட்டியல் மட்டுமே சாட்சி. அங்கே விதி கடுமையாக இருக்கட்டும், விடுபட்ட பகுதிகளைப் பிடிக்கும் சோதனைகள் தரநிலையோடு சேர்ந்தே வரட்டும். அளக்கக்கூடியவற்றுக்கு அலகு கட்டாயமாகட்டும், கர்னல் தொடக்கத்தில் தானும் அளந்து ஒப்பிட்டு, பெரிய வேறுபாடு இருந்தால் பதிவேட்டில் வெளிப்படையாக எழுதட்டும்.

சிஎக்ஸ்எல் என்ற இணைப்புத் தரநிலை வழியாக இணையும், சொந்தச் செயலியே இல்லாத நினைவக முனைகள் வந்துவிட்ட நிலையில், எந்த நினைவகப் பக்கம் (பேஜ்) வேகமான நினைவகத்தில் தங்கும், எது மெதுவானதற்குத் தள்ளப்படும் என்பது இந்த எண்களைப் பொறுத்தே அமையும். அளப்பதால் தொடக்க நேரம் கூடும் என்பது நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் நினைவகத்தைச் சரிபார்க்கவே பல நிமிடம் எடுத்துக்கொள்ளும் சர்வரில் இன்னும் ஓரிரு விநாடி கூடுவதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை.