விலைக்கு இன்பாக்ஸ் வரவும்

இணையத்தில் பொருள் விற்பவர்கள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. படம் அழகாக இருக்கும், பொருளும் நன்றாகத்தான் இருக்கும். கீழே பத்துப் பேர் "விலை என்ன?" என்று கேட்டிருப்பார்கள். பத்துப் பேருக்கும் ஒரே பதில்: "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்." சரி என்று போனால் முதலில் ஒரு "ஹாய்" வரும். அப்புறம் "எந்த மாடல் சார்?" என்று ஒரு கேள்வி. அப்புறம் இரண்டு மணி நேரத்துக்குப் பேச்சு மூச்சு இருக்காது. விலை வந்து சேர்வதற்குள் பொருள் மேலிருந்த ஆசை ஆறிப்போயிருக்கும்.

கடை வாசலில் நின்று விலை கேட்பவரிடம் "உள்ளே வாங்க, காதோடு சொல்றேன்" என்று யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் சொல்கிறார்கள். விலையை மறைத்தால் கமென்ட் ஏறும், கமென்ட் ஏறினால் பதிவு இன்னும் நாலு பேர் கண்ணில் படும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஏறும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கமென்டுகளில் வாங்க வந்தவர் எத்தனை பேர், வேடிக்கை பார்க்க வந்தவர் எத்தனை பேர் என்று உட்கார்ந்து எண்ணிய விற்பனையாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

தெரிந்தவர்கள் சிலருக்கு ஆன்லைன் விளம்பரம் போட்டுக்கொடுப்பது சில வருடங்களாக என் வேலை. பெரிய நிபுணன் எல்லாம் கிடையாது, கையைச் சுட்டுக்கொண்டு கற்றவன்தான். இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டது, நம்மில் பலர் வாங்குகிற ஆளை மறந்துவிட்டுத் திரையில் ஓடும் எண்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான்.

துணிப்பை தைத்து விற்கும் அக்கா ஒருவரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், படித்தால் திட்டுவார். சின்னதாக ஒரு இணையக் கடையும் வைத்திருக்கிறார். அருமையான கைவேலை. கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி மாதிரி இன்னொரு தையல். எவ்வளவு கனம் ஏற்றினாலும் பிய்யாது. அவர் போட்ட ஒரு படத்தில்கூட அந்தத் தையல் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு வெள்ளை மேஜை, ஒரு பூச்செடி, ஒரு மூக்குக்கண்ணாடி, ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் பை. பூச்செடியைத்தான் விற்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். இப்படித்தான் படம் எடுக்க வேண்டும் என்று ஏதோ ஒரு வகுப்பில் சொன்னார்களாம்.

ஒருநாள் போன் செய்தார். "தம்பி, பூஸ்ட் போட்டேன். லைக்கா கொட்டுது. ஒரு ஆர்டர் வரல. பணத்த வாங்கிட்டு ஏமாத்துறாங்களோ?"

பூஸ்ட் என்றால் பணம் கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவது. அதன் கணக்கெல்லாம் தெரியும் விளம்பரப் பேனலைத் திறந்து பார்த்தேன். யாரும் ஏமாற்றவில்லை, அவர் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள். விளம்பரம் போடும்போது "உங்கள் நோக்கம் என்ன?" என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுவார்கள். அக்கா தாண்டிய இடத்தில் "என்கேஜ்மென்ட்" என்று இருந்தது, அதாவது லைக்கும் கமென்டும் வந்தால் போதும் என்று. அப்படிச் சொன்னால் அந்த இயந்திரம் யாரைத் தேடிப் போகும்? கண்ணில் படுவதற்கெல்லாம் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத்தான். அவர்கள் வந்தார்கள், லைக் போட்டார்கள், போய்விட்டார்கள். விற்பனைதான் நோக்கம் என்று சொல்லியிருந்தால் அது வேறு கூட்டத்தைத் தேடியிருக்கும். வாங்குகிறவர் பல நேரம் லைக்கே போடமாட்டார். சத்தமில்லாமல் வருவார், அளவைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார், வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் வந்துபோனதே நமக்குத் தெரியாது, ஆர்டர் வந்தால்தான் தெரியும்.

நோக்கத்தை மாற்றினால் மட்டும் போதுமா என்றால், போதாது. விளம்பர இடங்கள் ஏலத்தில் போகின்றன. ஆனால் அதிகத் தொகை சொன்னவருக்கே இடம் என்று கிடையாது. கூகுளானாலும், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவானாலும், சொன்ன தொகையோடு, பார்ப்பவர் அதைக் கிளிக் செய்யவோ வாங்கவோ எவ்வளவு வாய்ப்பிருக்கிறது, விளம்பரத்தின் தரம் எப்படி என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். "இதைக் காட்டாதே" என்று ஆட்கள் மூடிவிட்டுப் போகும் விளம்பரத்துக்கு அதே இடம் கூடுதல் விலைக்குத்தான் கிடைக்கும். மொக்கை விளம்பரத்தைப் பணத்தால் தள்ளிவிடலாம் என்று நினைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

அதனால் பேனலை மூடிவிட்டு அக்காவின் இன்பாக்ஸைத் திறந்தேன். ஆறு மாத மெசேஜ்களை மேலிருந்து கீழே படித்தோம். "லேப்டாப் உள்ள போகுமா?" "ஜிப்பா பட்டனா?" "துவைச்சா சாயம் போகுமா?" "தோள்ல மாட்ற நீளம் இருக்கா?" அப்புறம் அந்த "விலை?" திரும்பத் திரும்ப இந்த ஐந்து கேள்விதான், வேறு வேறு பெயர்களில், வேறு வேறு எழுத்துப்பிழைகளோடு. எல்லாவற்றுக்கும் அக்கா பொறுமையாகப் பதில் அனுப்பியிருந்தார், சில பதில்கள் நள்ளிரவு தாண்டி. விளம்பர வாசகம் எழுத ஆள் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். வாசகம் முழுக்க அவர் கையிலேயே இருந்தது, வாங்க நினைத்தவர்களே எழுதிக்கொடுத்தது.

மறுநாள் பூச்செடிக்கு விடை கொடுத்தோம். 15 அங்குல லேப்டாப் பாதி உள்ளே போன நிலையில் ஒரு படம். பெருக்கல் குறித் தையல் கிட்டத்தில் ஒரு படம். அக்கா தினமும் எடுத்துப்போகும் பழைய பையும், இன்னும் ஒருமுறைகூடத் துவைக்காத புதுப் பையும் அருகருகே ஒரு படம். சாயம் கொஞ்சம் மங்கியிருந்தது, அதை மறைக்கவில்லை. தோளில் மாட்டியபடி ஒன்று. முதல் வரியில் விலை, டெலிவரி சார்ஜும் சேர்த்து. அடுத்த வரியில் நீள அகலம். வேறு வாசகமே இல்லை.

இரண்டு நாளில் அக்காவிடமிருந்து பதறிப்போய் போன். "தம்பி, கமென்டெல்லாம் நின்னுபோச்சு. பழைய மாதிரியே மாத்திரலாமா?"

கமென்ட் உண்மையிலேயே நின்றுபோயிருந்தது. கேட்க என்ன மிச்சமிருக்கிறது? "ஆர்டர் எத்தனைக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை, நோட்டைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு."

"ரெண்டு நாள்லயா?"

"ஆமா. நான் கமென்டத்தான பாத்துட்டு இருந்தேன்."

நாலு ஆர்டரை வைத்துக்கொண்டு நான் தம்பட்டம் அடிக்கவில்லை. நாலு என்பது தற்செயலாகவும் வரும். ஆனால் அந்த நாலில் மூன்றை விளம்பரம்தான் கொண்டுவந்தது என்று பேனல் சொன்னது. வில்லங்கமே அங்கேதான்.

மெட்டாவின் வழக்கமான கணக்கு இப்படி: விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் 7 நாளுக்குள் வாங்கினாலும், கிளிக்கே செய்யாமல் வெறுமனே கண்ணில் பட்டவர் 1 நாளுக்குள் வாங்கினாலும், அந்த விற்பனை விளம்பரத்தின் பேரில் ஏறும். அந்த மூவரில் ஒருவர் அக்காவிடம் ஏற்கெனவே இரண்டு பை வாங்கியவர். மூன்றாவதைத் தங்கைக்குப் பரிசாகக் கொடுக்கப்போவதாக ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார். இடையில் விளம்பரம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நம் விஷயத்தில் காக்கை பில்லும் அனுப்புகிறது.

இது சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2012-ல் ஈபே என்ற பெரிய இணையச் சந்தை ஒரு சோதனை செய்தது. தேடுபொறியில் யாராவது "ஈபே" என்றே தேடினாலும் மேலே ஈபேயின் கட்டண விளம்பரம் வரும். அதைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் போனதால் இழந்திருக்க வேண்டிய கிளிக்குகளில் 99.5 சதவீதம், கீழேயே இருந்த இலவச முடிவு வழியாக வந்து சேர்ந்துவிட்டன. ஈபேயைத் தேடி வந்தவரை ஈபேக்கு அழைத்துவந்ததற்கு இவ்வளவு நாள் காசு கொடுத்திருக்கிறார்கள்! பிளேக், நாஸ்கோ, டடெலிஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதை 2015-ல் எகனாமெட்ரிக்கா என்ற பொருளாதார ஆய்விதழில் எழுதினார்கள். அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அடிக்கடி வாங்குபவர்களிடம் விளம்பரம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் வேலை செய்தது.

அதனால் விளம்பரமே தண்டம் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கும் தெரியாத விற்பனையாளருக்கு அது தேவைதான். தெரிந்தவர் கதவையே மறுபடி மறுபடி தட்டிவிட்டு, திறந்ததும் "பார், நான்தான் திறக்கவைத்தேன்" என்று சொல்வதற்குத்தான் காசு தரக்கூடாது என்கிறேன். ஒரு பொருளை ஒருமுறை பார்த்துவிட்டால் போகிற இடமெல்லாம் அதே பொருள் பின்தொடர்ந்து வருகிறதே, அந்த ரீடார்கெட்டிங் விளம்பரத்தின் கணக்கு பேனலில் எப்போதும் அழகாகத் தெரிவதற்கும் இது ஒரு காரணம். பாதி மனதோடு இருப்பவரைத்தான் அது துரத்துகிறது. அவர்களில் சிலர் எப்படியும் வாங்குவார்கள்.

போதாக்குறைக்கு, 2021 ஏப்ரலில் ஐபோனில் ஒரு மாற்றம் வந்தது. மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமென்றால் ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். இதனால் 2022-ல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டா சொன்னது. அதற்குப் பிறகு பேனலில் நாம் பார்க்கும் எண்களில் ஒரு பகுதி மதிப்பீடுதான். நேரில் எண்ணியதைப் போல அதை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

"நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்பீர்கள். பெரிய நிறுவனத்துக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு ஆர்டர் வரும் கடைக்கு இரண்டு வாரம் நிறுத்தினாலும் தெளிவாகத் தெரியாது, ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கும். நான் சொல்லும் வழி பழையது: வாங்கியவரிடமே கேளுங்கள். "எங்களை எப்படித் தெரியும்?" என்று ஆர்டர் உறுதிசெய்யும்போது ஒரு வரி. அக்கா அதை நோட்டில் எழுதிவைக்கிறார். துல்லியம் என்று சொல்லமாட்டேன், ஆட்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஆனால் அந்த நோட்டு யாரிடமும் பில் போடுவதில்லை.

தந்திரங்களைப் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. "இன்னும் 10 நிமிடம் மட்டுமே" என்று ஓடும் கடிகாரம் பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பத்திலிருந்து தொடங்கும், பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் ஒரே நடையில் இருபது ரிவ்யூ, எல்லாம் ஐந்து நட்சத்திரம். போலி ரிவ்யூவை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து 2024-ல் அமெரிக்காவில் தனி விதியே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், ஜனங்களின் கண் சீக்கிரம் பழகிவிடும். 1994-ல் ஹாட்வயர்ட் இணைய இதழில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் போட்ட பேனரை (பக்கத்தில் பட்டையாக வரும் விளம்பரம்), பார்த்த நூறு பேரில் 44 பேர் கிளிக் செய்தார்கள் என்பார்கள். இன்றைக்கு நூற்றில் ஒருவர் கிளிக் செய்தாலே பேனர் போட்டவர் விருந்து வைப்பார்.

மொத்தமாக நம்பர் லிஸ்ட் வாங்கி மெசேஜ் தட்டிவிடுபவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். 1978-லேயே டிஇசி கம்ப்யூட்டர் நிறுவனத்தின் கேரி துர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்குக் கேட்காமலே விற்பனைக் கடிதம் அனுப்பிச் செமத்தியாகத் திட்டு வாங்கினார். இப்போது திட்டோடு முடிவதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு மொத்தமாக அஞ்சல் அனுப்புபவர்கள் மீதான ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் எரிச்சலானாலே அடுத்த கடிதம் இன்பாக்ஸைப் பார்க்காமலே போகலாம்.

அக்கா இப்போது ஒரு வாட்ஸ்அப் பட்டியல் வைத்திருக்கிறார். வாங்கியவர்களிடம் "புதுசு தைச்சா அனுப்பட்டுமா?" என்று கேட்டு, சரி என்றவர்களை மட்டும் சேர்த்தது. எண்பது சொச்சம் பேர்தான். மாதத்துக்கு ஒரு மெசேஜ், அதுவும் புதிதாக ஏதாவது தைத்தால் மட்டும். பேஜின் ரீச், அதாவது பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேர்கிறது என்பது, எந்த நாளில் எதற்காகப் படுக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த எண்பது பேரைச் சென்றடைய அவர் யாரிடமும் ஏலம் கேட்க வேண்டியதில்லை. போன மாதம் நீலத்தில் ஒரு பை தைத்தார், பேஜில் போடுவதற்குள்ளேயே பட்டியலில் தீர்ந்துவிட்டது. அதற்காக ஒரு வாரம் வருத்தப்பட்டார், "பேஜுல போட்டிருந்தா நல்லா லைக் வந்திருக்கும் தம்பி" என்று. பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

இதைப் படித்துவிட்டு "பை என்ன விலை?" என்று யாராவது கமென்டில் கேட்பீர்கள், தெரியும். அக்காவின் பேஜ் லிங்க்கை முதல் கமென்டில் போடுகிறேன். விலை முதல் வரியிலேயே இருக்கும்.