படத்தை முதலில் யார் பார்க்க வேண்டும்?

அரசுக் குடியிருப்புகளில் எடுத்த புகைப்படத் தொகுப்பு எது கண்ணில் பட்டாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான். படத்தில் இருப்பவர் கைக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்ததா?

நான் வளர்ந்ததும் அப்படியொரு குடியிருப்பில்தான். சின்ன வயதில் ஒருவர் கேமராவோடு வந்து அரை நாள் சுற்றினார். மாடிப்படியில் உட்கார்ந்து தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவையும் எடுத்தார். பல மாதம் கழித்து அது ஓர் இதழில் வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். தேடிப் பிடித்துப் பார்த்தால் அம்மா ஓரத்தில் இருந்தார். படம் முழுக்கப் பின்னால் இருந்த காரை பெயர்ந்த சுவர்தான். கீழே வறுமையைப் பற்றி ஒரு வரி. அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். அன்றைக்குத் தங்கையின் பள்ளியில் விழா, அதற்காகத்தான் அந்தப் பின்னல். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

சுவர் பெயர்ந்திருந்தது உண்மைதான். அதை மறைக்கச் சொல்லவில்லை. ஒழுகும் கூரையைப் படமெடுத்துக் காட்டினால்தான் சில நேரம் பழுது பார்க்க ஆளே வருகிறது. 1968 முதல் 1972 வரை பிரிட்டனில் நிக் ஹெட்ஜஸ் எடுத்த படங்கள், ஷெல்டர் என்ற தொண்டு அமைப்பு நல்ல வீடுகளுக்காகப் போராடக் கைகொடுத்தன. ஆனால் படத்தில் இருந்தவர்களின் அந்தரங்கம் கருதி, அவற்றின் பொதுப் பயன்பாட்டுக்கு 40 ஆண்டுக் கட்டுப்பாடும் இருந்தது. படத்தில் இருக்கும் குழந்தை நாளைக்குப் பெரியவளாகி அந்தப் படத்தோடு வாழ வேண்டுமே!

பின்லாந்திலிருந்து வந்த சிர்க்கா-லீசா கொன்ட்டினென் 1969இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலுள்ள பைக்கர் பகுதியில் குடியேறி, அக்கம்பக்கத்தாரையே படமெடுத்தார். பழைய தெருக்கள் இடிபட்டபோது அவர் வீடும் போயிற்று. அங்கே எழுந்த புதிய குடியிருப்புக்குப் பல வருடம் கழித்துத் திரும்பிப் போனவர், தங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று அங்கிருப்பவர்களிடமே கேட்டு, சேர்ந்து படங்களை உருவாக்கினார். அரை நாளில் வராத நெருக்கம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்காட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோவில் மார்க் நெவில் செய்தது. அந்த ஊர் மக்களைப் படமெடுத்துப் புத்தகமாக்கினார். ஆனால் கடையில் விற்கவில்லை. ஊரிலுள்ள சுமார் 8,000 வீடுகளுக்கும் உள்ளூர்க் கால்பந்துச் சிறுவர்களைக் கொண்டு இலவசமாகச் சேர்ப்பித்தார். எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் கோபத்தில் புத்தகத்தை எரித்தே விட்டார்கள். இருக்கட்டும், அவர்கள் கோபத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. அம்மாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இப்போது இதெல்லாம் எவ்வளவோ எளிது. எடுத்த அன்றே போனில் அனுப்பிவிடலாம். எழுதப்போகும் வரியை வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். கேமராவோடு குடியிருப்புகளுக்குள் போகும் தம்பி தங்கைகளே, படியில் உட்கார்ந்திருப்பவரிடம் இன்றைக்கு என்ன விசேஷம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் எடுங்கள்.